ஐந்து கேள்விக்குறிகள்

ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய நூலகத் தளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேடல் பெட்டியில் 'அம்மா' என்று தட்டினால் புத்தகப் பட்டியல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஜாவா தளங்களை இயக்கும் டாம்கேட் சர்வரை 7ஆம் பதிப்பிலிருந்து 8க்கு மாற்றிய மறுநாள், '?????' என்ற பெயரில் புத்தகம் எதுவும் இல்லை என்கிறது. நிரலில் ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடவில்லை.

அந்தக் கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தால் பாதித் துப்பு கிடைத்துவிடும். நமக்கு அம்மா மூன்றெழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகள். கேள்விக்குறியும் ஐந்து. ஆக, சர்வர் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. கெட்டது அதற்குப் பிறகு.

தேடும் சொல் யுஆர்எல்லில், அதாவது இணைய முகவரியில் ஒட்டிக்கொண்டுதான் சர்வருக்குப் போகிறது. ஆனால் அதில் தமிழ் அப்படியே பயணிப்பதில்லை. பிரவுசர் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாக (0 முதல் 255 வரையிலான எண்களாக) உடைக்கும். 'அ' என்றால் 224, 174, 133. பிறகு ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு % போட்டு, பதினாறடிமானத்தில் எழுதும். இடைவெளி %20 ஆவது இப்படித்தான். பைட்டுக்கு மூன்று இடம் என்று 15 பைட்டுள்ள அம்மாவுக்கு மொத்தம் 45 இடம் பிடிக்கும்.

மறுமுனையில் இந்தப் பைட்டுகளை எந்த முறையில் படிப்பது? 1994இல் வந்த யுஆர்எல் விதிமுறை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டாம்கேட் 7 வரை, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய முறையில் படிக்கும். ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. 224 என்பது தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'. 174 என்பது வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்'. திரையில் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், அது தவறான முறையில் படிக்கப்பட்ட தமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பார்க்க அலங்கோலம்தான், ஆனால் ஒரு பைட்டும் தொலையவில்லை. அதனால் அன்றைய நிரலர்கள் ஒற்றை வரியில் வைத்தியம் பார்த்தார்கள்: வந்ததை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாகத் திருப்பி, யுடிஎஃப்-8 என்று மறுபடி படிப்பது.

டாம்கேட் 8 யுஆர்எல்லை இயல்பிலேயே யுடிஎஃப்-8 ஆகப் படிக்கிறது. நோய் போய்விட்டது, மருந்து மட்டும் நிரலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சரியாக வந்த 'அம்மா'வை அந்த வரி ஐரோப்பிய அட்டவணையில் தேடுகிறது. அங்கே தமிழ் ஏது? இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஜாவா ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். இந்த இழப்பு மீளாதது.

சர்வரின் அமைப்புக் கோப்பில் பழைய முறையையே கேட்டு எழுதினால் தளம் உடனே ஓடும். ஒரு வாரத்துக்கு அது போதும், ஒரு வருடத்துக்கு வேண்டாம். நிரலில் உள்ள அந்த வைத்திய வரிகளை நீக்குவதுதான் சரி. ஆனால் தேடிப் பிடித்து மொத்தமாக அழித்துவிடாதீர்கள். புதிய இயல்பு யுஆர்எல்லுக்கு மட்டும்தான்; போஸ்ட் முறையில், அதாவது யுஆர்எல்லில் ஒட்டாமல் தனியாக வரும் படிவங்களை, வேறு முறை குறிப்பிடாதவரை, டாம்கேட் 8 இன்னமும் ஐஎஸ்ஓ-8859-1 ஆகவே படிக்கிறது. தேடல் பக்கத்தைக் கெடுத்த அதே வரிதான் உறுப்பினர் பதிவுப் பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.