ஜல்லிக்குள் இறங்கும் கரித்தூள்

2005 மே மாதம், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு நிலக்கரி ரயில்கள் தடம் புரண்டன. பவுடர் ரிவர் படுகைச் சுரங்கங்களுக்காக பிஎன்எஸ்எஃப், யூனியன் பசிபிக் என்ற இரு ரயில் நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் பாதை அது. பெட்டிகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் உதிர்ந்த கரித்தூள் ஜல்லிக்குள் இறங்கியிருந்தது. அதன்மேல் மழையும் பனியும் சேர்ந்ததும் பாதை இளகிவிட்டது.

ஜல்லியின் பலம் அதன் கூரான முனைகளில் இருக்கிறது. கற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கின்றன; இடையிலுள்ள வெற்றிடம் தண்ணீரை வடிய விடுகிறது. தூள் அந்த இடுக்குகளை அடைத்தால் இரண்டும் போய்விடும். கல்தூளைவிடக் கரித்தூள் மோசம். அதன் அடர்த்தி கல்லின் அடர்த்தியில் பாதிதான் என்பதால், அதே எடை இரு மடங்கு இடத்தை அடைக்கும். தண்ணீரையும் நிறைய உறிஞ்சிக் குழம்பாகி, கற்களுக்கு நடுவே மசகுபோல் வழுக்கும். ஸ்லீப்பர் கட்டைகள் ஒரு பக்கம் அமுங்கி, தண்டவாளத்தின் மட்டம் கெடும். அப்புறம் ஜல்லியைத் தோண்டியெடுத்துச் சலித்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

ஆகவே தூளைச் சுரங்கத்திலேயே அடக்க வேண்டும். பெட்டிகள் நடையைவிட மெதுவாக நகர, மேலிருக்கும் தொட்டியின் கொட்டுவாய் வழியே கரி விழுகிறது. முக்கியமான வேலை இங்கேதான்: அந்த வாயின் வடிவம். பழைய கொட்டுவாய் மேட்டையும் கூரான விளிம்பையும் விட்டுச்செல்லும். காற்று முதலில் அரிப்பது அவற்றைத்தான். வாயை மாற்றியமைத்தால் குவியல் ரொட்டியின் முதுகுபோல் வளைந்து, ஓரங்களில் பெட்டிச் சுவருக்குக் கீழே தாழ்ந்து நிற்கும். தூளைப் பிடித்துவைக்கக் கரியின்மேல் பசை தெளிப்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். செங்குத்தான சரிவில் தெளித்த பசை, கரி சரியும்போது அதோடு சேர்ந்து போய்விடும்.

அடுத்தது தெளிப்பு. நீரில் கலந்த பாலிமர் பசையை, பெட்டிக்குச் சுமார் 60 முதல் 80 லிட்டர் வரை, குறுக்குக் குழாயிலுள்ள முனைகள் மேற்பரப்பு முழுக்கத் தெளிக்கும். உலர்ந்ததும் மெல்லிய மேலோடு உருவாகும். 2011 அக்டோபரிலிருந்து பிஎன்எஸ்எஃப் நடைமுறைப்படுத்திய விதி, தூள் இழப்பை 85 சதவீதம் குறைக்கும் பசைகளையே ஏற்றது.

தவறுவது எங்கே? முனை அடைத்துக்கொண்டால் பெட்டியின் நீளத்துக்கும் காப்பில்லாத ஒரு பட்டை விழும். பெட்டி வருவதை உணரும் கருவி சற்றுத் தாமதித்தால் முன்பகுதி நனையாது. பலத்த காற்று தெளிப்பை வெளியே தள்ளும். கடுங்குளிரில் குழாய் உறையும். உலர்வதற்குள் மழை பெய்தால் பசை கரையும். பெட்டி விளிம்புகளில் சிந்திக் கிடக்கும் கரியைப் பசை பிடிக்காது. கிளம்பும் முன் அதைத் தள்ளிவிட வேண்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது. அடியில் திறக்கும் பெட்டிகளில் கதவு இடுக்கு வழியாகவும் தூள் கசியும். மேலே எவ்வளவு பசை பூசினாலும் அது நிற்காது, கதவைத்தான் சீராக்க வேண்டும்.

மேலோடும் நிரந்தரமல்ல. ஓட்டத்தின் அதிர்வில் கரி அமுங்க, மேலோடு வெடிக்கிறது. பவுடர் ரிவர் கரி எளிதில் நொறுங்கும் வகை. வழியெல்லாம் புதுத் தூள் உண்டாகும். இதனால்தான் மேற்குக் கரைக்குப் போகும் ரயில்களுக்காக வாஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோ அருகே இன்னொரு தெளிப்பு நிலையத்தை பிஎன்எஸ்எஃப் அமைத்தது. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பலத்த காற்றுக்குள் நுழைவதற்கு முன், வெடித்த மேலோட்டின்மேல் அங்கே மறுபடி பசை தெளிக்கிறார்கள்.