துணியில் ஊறாத மை

பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேன்வாஸில் அச்சிட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டேன். பூச்சு எதுவும் இல்லாத பருத்திக் கேன்வாஸ் ஒரு மீட்டர் வாங்கி, ஏ4 அளவுக்கு வெட்டி, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் செருகினேன். வெளியே வந்த படத்தில் பாட்டியின் மூக்குத்தியைக் காணோம். அந்த வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தில் சாம்பல் கறைதான் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மை ஒவ்வொரு நூலின் நீளவாக்கிலும் ஓடியிருந்தது.

பிரிண்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எப்சன் பிரிண்டர்களில் மின்னழுத்தம் பட்டதும் வளையும் படிகம் மையை உந்தித் தள்ளுகிறது. கேனன், எச்பி வகைகள் பலவற்றில் சிறு மின்சூடேற்றி மையை நொடியில் கொதிக்கவைக்க, எழும் குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. ஒரு துளியின் அளவு சில பிக்கோலிட்டர். பிக்கோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 4 பிக்கோலிட்டர் துளியின் விட்டம் சுமார் 20 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிட நன்றாகவே சிறியது. இவ்வளவு நுட்பமாக வைத்த புள்ளியை, பஞ்சு இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகள் உறிஞ்சிப் பக்கவாட்டில் இழுத்துவிடுகின்றன. வேட்டியில் பேனா மை பட்டால் நடப்பதும் இதுதான்.

இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் கேன்வாஸில் துணியின் மேல் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். என்னைக் கேட்டால் படம் நிற்பது அந்தப் பூச்சில்தான். துணி அதைத் தாங்குகிறது, அவ்வளவே. பூச்சில் பெரும்பாலும் சிலிக்கா போன்ற நுண்துகள்களைப் பசையோடு கலந்திருப்பார்கள். துகள்களுக்கு இடையிலான நுண்துளைகள் மையின் நீரைப் பக்கவாட்டில் பரவவிடாமல் நேர்கீழாக இழுத்துக்கொள்ளும். நிறம் மேலேயே தங்கிவிடும். சாய மைகளில், அதாவது நிறம் நீரில் கரைந்திருக்கும் மைகளில், சாய மூலக்கூறுகள் பொதுவாக எதிர்மின்னேற்றம் உள்ளவை. அதனால் பூச்சில் நேர்மின்னேற்றமுள்ள பாலிமரையும் சேர்ப்பதுண்டு. அது சாயத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். பூச்சுள்ள கேன்வாஸில் இரண்டாம் முறை அச்சிட்டபோது மூக்குத்தி பளிச்சென்று திரும்பி வந்தது.

ஆனாலும் பாட்டியின் கூந்தல் வெளிறித்தான் தெரிந்தது. சொரசொரப்பான பரப்பு, தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதில் ஒரு பகுதி நம் கண்ணுக்கு வந்து, கறுப்பைச் சாம்பலாக்கிவிடுகிறது. காய்ந்த அம்மிக்கல்லைவிட நனைந்த அம்மி கறுப்பாகத் தெரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் செய்வதை இங்கே வார்னிஷ் செய்கிறது: மேடுபள்ளத்தை நிரப்பிக் கறுப்பை ஆழமாக்குகிறது. வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்களில் வண்ண மைகள் பெரும்பாலும் சாய வகை. ஈரம் பட்டால் கலையும், ஒளியாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் மங்கும். அதனால் வார்னிஷை அழகுக்கான கூடுதல் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். அச்சிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மெல்லிய அடுக்குகளாக ஸ்பிரே செய்யுங்கள். நீர் கலந்த வார்னிஷை நேரடியாகப் பிரஷ்ஷால் தேய்த்தால் சாயம் இழுபட்டுவிடும்.

அச்சிடும்போது பிரிண்டர் அமைப்பில் தாள் வகையாகத் தடித்த மேட் (பளபளப்பில்லாத) தாளைத் தேர்ந்தெடுங்கள். மையின் அளவு அதற்கேற்ப மாறும். சில பிரிண்டர்களில் மையைத் துளியாக விடும் ஹெட்டுக்கும் துணிக்கும் இடைவெளியும் கூடும். ஓரத்தில் தொங்கும் நூலை முதலிலேயே கத்தரித்துவிடுங்கள், ஹெட்டில் உரசினால் படம் முழுக்கக் கோடு விழும்.

பலர் கோட்டைவிடுவது அளவில். 2 செ.மீ. தடிமனுள்ள மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட, பக்கத்துக்கு 2, பின்னால் ஸ்டேப்ளர் அடிக்க 2 என ஒவ்வொரு ஓரத்திலும் 4 செ.மீ. போய்விடும். 21 × 29.7 செ.மீ. உள்ள ஏ4 கேன்வாஸில் முன்பக்கம் எஞ்சுவது 13 × 21.7 மட்டுமே. பாட்டியின் படத்தில் தோளுக்குக் கீழே இருந்த பகுதியைச் சட்டத்தின் பக்கவாட்டுக்கு விட்டுவிட்டு, முகத்தை மட்டும் முன்னால் வைத்தேன். வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகே மடித்தேன். அப்படியும் ஒரு மூலையில் பூச்சு மயிரிழை அளவுக்கு வெடித்து, உள்ளிருந்த வெள்ளை தெரிகிறது.