அமரெத்தி: சொல்லும் பண்டமும்

பாதாம் பொடி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. இந்த மூன்றையும் பிசைந்து உருட்டி ஓவனில் சுட்டால் கிடைக்கும் இத்தாலிய பிஸ்கட்டுக்கு அமரெத்தி என்று பெயர். வெளியே மெல்லிய வெடிப்புகளோடு ஓடு போலவும், உள்ளே மெதுவாகவும் இருக்கும். இதிலேயே முழுக்க மொறுமொறுப்பான வகையும் உண்டு. தமிழ்ச் சமையல் குறிப்புகளில் இது 'குளூட்டன் ஃப்ரீ அமரெட்டி குக்கீஸ்' என்ற நீண்ட பெயரோடு வருகிறது. அந்தப் பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு ஊரிலிருந்து வந்தது. அதில் 'குளூட்டன் ஃப்ரீ', அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாதது, என்ற முன்னொட்டு உண்மையில் தேவையே இல்லை. அமரெத்தியில் ஆரம்பத்திலிருந்தே கோதுமை கிடையாது. கோதுமையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துச் சமாளித்த பண்டம் அல்ல இது.

முதலில் பெயர். இத்தாலிய மொழியில் 'அமாரோ' என்றால் கசப்பு. லத்தீனில் 'அமாரூஸ்'. அதோடு 'எத்தோ' என்ற விகுதி சேர்ந்தால் சின்னது என்ற பொருள் வரும். புத்தகத்துக்கு 'லிப்ரோ', இசை நாடகத்தின் சிறு பாட்டுப் புத்தகத்துக்கு 'லிப்ரெத்தோ' என்கிறார்களே, அதே விகுதிதான். ஆக அமரெத்தோ என்றால் 'சின்னக் கசப்பு', அமரெத்தி அதன் பன்மை. ஒரே ஒரு பிஸ்கட்டைக் கையில் எடுத்தால் இத்தாலியர் அதை அமரெத்தோ என்பார்கள். அதே பெயரில் ஒரு மதுவும் இருக்கிறது. தமிழில் இந்த ஒருமை பன்மையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'ரெண்டு அமரெத்தி கொடு' என்று சொன்னால் போதும்.

இவ்வளவு சர்க்கரை போட்ட பண்டத்துக்குக் கசப்பின் பெயர் எதற்கு? காரணம் கசப்பு பாதாம். பாதாமில் இனிப்பு, கசப்பு என இரண்டு வகை. கசப்பு வகைக்குத் தாவரவியலார் வைத்த பெயரிலும் 'அமாரா' என்ற அதே லத்தீன் சொல்தான் இருக்கிறது. பழைய முறையில் இனிப்பு பாதாமோடு கொஞ்சம் கசப்பு பாதாமையும், அல்லது ஆப்ரிகாட் பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பையும் சேர்த்து அரைப்பார்கள். இந்தப் பருப்புகளில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. நசுக்கி ஈரம் பட்டதும் அது உடைந்து, சர்க்கரையோடு இன்னும் இரண்டு பொருள்களாகப் பிரியும். ஒன்று பென்சால்டிஹைடு. 'பாதாம் வாசனை' என்று நாம் சொல்லும் மணம் இதுதான். இன்னொன்று ஹைட்ரஜன் சயனைடு, சுத்தமான விஷம். நம்மூரில் கசப்பு மரவள்ளியைத் தண்ணீர் மாற்றி வேகவைப்பதும் இதே விஷத்தைப் போக்கத்தான். சூட்டில் சயனைடு பெரும்பாலும் ஆவியாகிவிடும், மணம் கொஞ்சம் தங்கிவிடும். இதை நம்பிக்கொண்டு வீட்டில் கசப்புப் பருப்பில் இறங்க வேண்டாம். பச்சையான ஆப்ரிகாட் பருப்பு சிறியதாக மூன்றுக்கு மேல் தின்றாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிடக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. கடையில் விற்கும் பாதாம் எசன்ஸ் சில சொட்டு விட்டால் அதே மணம் வந்துவிடும், பயமும் இல்லை.

இத்தாலியில் ஊருக்கு ஊர் ஒரு அமரெத்தி. மிலானுக்கு வடக்கே உள்ள சாரோன்னோவில் செய்வது மொறுமொறுப்பானது. 1718இல் ஊருக்கு ஒரு கர்தினால் வந்தபோது இளம் காதலர் இருவர் சுட்டுக் கொடுத்தார்கள், அதனால்தான் இரண்டு இரண்டாகத் தாளில் சுற்றுகிறார்கள் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, தாள் இன்றும் இருக்கிறது. லிகூரியா மாநிலத்தின் சாசெல்லோவிலும் பியெமோந்தே மாநிலத்தின் மொம்பருத்சோவிலும் கிடைப்பது மெதுவானது. சார்தினியாத் தீவுக்கும் தனியாக ஒன்று உண்டு. சியேனா நகரத்தின் ரிச்சரெல்லி இதற்கு நெருங்கிய உறவு, அதற்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி எழுத்து விஷயம். 'அமரெட்டி' என்றுதான் பரவலாக எழுதுகிறோம். அது ஆங்கிலம் வழியாக வந்த பழக்கம். ஆங்கிலேயரின் 'டி' ஒலி நம் காதுக்கு ட என்று விழுவதால், ரோமன் எழுத்தில் எதைப் பார்த்தாலும் ட போட்டுவிடுகிறோம். இத்தாலியர்கள் அந்த எழுத்தை நாக்கைப் பல்லில் வைத்து, இரட்டித்து அழுத்திச் சொல்கிறார்கள். அது அப்படியே நம்முடைய 'த்த'. ஆகவே அமரெத்தி என்பதுதான் சரியான ஒலிக்கு நெருக்கம். ஆங்கிலத்தில் இந்த ஒலியை எழுத வழியில்லை, தமிழில் இருக்கிறது. இருந்தும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுவது வீண்.

இது புதிதாகக் கண்டுபிடித்த நியாயமும் அல்ல. ஈழத்தமிழில் பிஸ்கட்டுக்கு 'விசுக்கோத்து' என்பார்கள். போர்த்துகீசிய 'பிஸ்கோய்த்து' அங்கே அப்படி ஆனது. 1658 வரை இலங்கைக் கரையோரத்தில் இருந்த போர்த்துகீசியரிடம் சொல்லைக் காதால் வாங்கியவர்கள் த்த என்றே வாங்கினார்கள். காலில் போடும் 'சப்பாத்து'வும் அப்படித்தான் வந்தது. தமிழ்நாட்டிலும் பழைய ஆட்கள் வாயில் 'பிஸ்கோத்து' உண்டு. இப்போது அது பண்டத்தைவிட, 'அதெல்லாம் ஒரு பிஸ்கோத்து மேட்டர்' என்று எதையாவது மட்டம் தட்டத்தான் அதிகம் பயன்படுகிறது. பாவம் அந்தச் சொல்.

பிஸ்கோத்து, பிஸ்கட், இத்தாலிய பிஸ்கோத்தி எல்லாமே ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. 'பிஸ்' என்றால் இருமுறை, 'கோக்துஸ்' என்றால் சமைத்தது. மாவை நீளமாக உருட்டி ஒருமுறை சுட்டு, துண்டுபோட்டு, ஈரம் போக மறுபடி சுடுவது. கப்பல் பயணத்துக்குக் கெடாமல் இருக்க இப்படிச் செய்தார்கள். நம் பேக்கரி ரஸ்க்கும் அந்த வழிதான். வெளிநாட்டுக் காபிக் கடைகளில் பிஸ்கோத்தி என்று கொடுக்கும் நீளத் துண்டின் சரியான பெயர் கந்துச்சி. அது தஸ்கனி மாநிலத்தின் பண்டம், பிராத்தோ நகரம் அதற்குப் பேர்போனது. அதில் கோதுமை மாவு உண்டு, எனவே குளூட்டன் ஆகாதவர்கள் கவனிக்க வேண்டும். இத்தாலியிலோ பிஸ்கோத்தி என்பது எல்லா பிஸ்கட்டுக்கும் பொதுப்பெயர். 'குக்கி' மட்டும் தனி வழி: டச்சு மொழியில் சின்னக் கேக்கைக் குறிக்கும் 'கூக்யே' அமெரிக்கா போய் குக்கி ஆனது.

சரி, அந்த 'குளூட்டன்'? லத்தீனில் அதற்குப் பசை என்று பொருள். கோதுமை மாவைப் பிசைந்து குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து கரைந்து போய் ரப்பர் போல ஒரு பிசின் கையில் நிற்கும். இதை முதலில் முறையாகப் பிரித்து விளக்கியவரும் இத்தாலியர்தான், பொலோன்யாவைச் சேர்ந்த யாக்கோபோ பர்த்தொலொமேயோ பெக்காரி. 1728இல் அறிவியல் கழகத்தில் இதைச் சொன்னார், 1745இல் அச்சில் வந்தது. கோதுமையில் உள்ள கிளியாடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரத வகைகள் தண்ணீரில் கைகோத்து அந்தப் பிசினை உண்டாக்குகின்றன. பரோட்டா மாவு கிழியாமல் விசிறுவதற்கு இதுவே காரணம். பார்லியிலும் ரையிலும் இதற்கு ஒப்பான புரதங்கள் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இவை சிறுகுடலின் உட்சுவரைக் கெடுக்கும்.

தமிழில் இதற்குப் 'பசையம்' என்ற சொல் இருக்கிறது. லத்தீன்காரர் நினைத்ததையே நினைத்து ஆக்கிய சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. குளூட்டன் ஃப்ரீ என்பதற்குப் 'பசையமற்ற', 'பசையமில்லாத' இரண்டும் பொருந்தும். ஒரே ஒரு குழப்பம் வரலாம். செட்டிநாட்டுக் கவுனி அரிசி வெந்ததும் பசை மாதிரி ஒட்டும், அதில் பசையம் இருக்குமோ என்று தோன்றும். இல்லை. அந்த ஒட்டல் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்தினால் வருவது, புரதத்தால் அல்ல. பசை வேறு, பசையம் வேறு.

இத்தாலியர்கள் பொட்டலத்தில் 'சென்சா குளூத்தினே' என்று போடுகிறார்கள். பாஸ்தாவும் ரொட்டியும் உணவாக இருக்கும் நாட்டில் சீலியாக் நோய் பெரிய விஷயம். 1979இலேயே நோயாளிகளுக்கான சங்கம் தொடங்கியாயிற்று, 2005இல் இந்த நோய்க்கென்றே தனிச் சட்டம் வந்தது. நோய் உறுதியானவர்களுக்குப் பசையமில்லாத உணவு வாங்க அரசு சுகாதாரத் துறை மாதாமாதம் உதவுகிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. இந்தியாவிலும் அதே அளவுதான்.

அந்த 20 மில்லிகிராம்தான் வீட்டுச் சமையலில் ஆளைக் கவிழ்ப்பது. பாதாமில் பசையம் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த மில்லில் அரைத்த பொடியில் இருக்கும், மைதா சலித்த சல்லடையில் இருக்கும், கேக் செய்த தட்டின் மூலையிலும் இருக்கும். சீலியாக் உள்ளவருக்குச் செய்வதானால் பாதாமை வீட்டு மிக்ஸியில் அரைப்பதே நல்லது. வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காயவிட்டு, எடுத்துவைத்த சர்க்கரையில் ஒரு கைப்பிடி சேர்த்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். பாதாமில் பாதிக்குப் பாதி எண்ணெய். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும், சர்க்கரை அதைத் தடுக்கும்.

200 கிராம் பாதாம் பொடி, 150 கிராம் சர்க்கரை, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் பாதாம் எசன்ஸ். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து மற்றதோடு கலந்தால் கையில் ஒட்டும் பதத்தில் மாவு வரும். தளர்ந்திருந்தால் கொஞ்சம் பொடி சேர்க்கலாம். 20 கிராம் அளவில் உருட்டி, பொடித்த சர்க்கரையில் புரட்டி, தட்டில் அடுக்கி, மூடாமல் சில மணி நேரம் வைத்துவிடுங்கள். மேல் தோல் காய்ந்தால்தான் ஓவனில் அழகாக வெடிக்கும். 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். வெளியே எடுக்கும்போது அமுங்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ள வேண்டாம், ஆறினால் இறுகிவிடும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் அணைத்த ஓவனுக்குள்ளேயே ஆறவிடலாம்.

பசையமே இல்லாமல் எது இதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்கலாம். வெள்ளைக்கருவின் புரதம் சூட்டில் இறுகுகிறது, உருகிய சர்க்கரை ஆறும்போது கெட்டியாகிறது. அவ்வளவுதான். பசையமில்லாத பலகாரங்கள் உதிராமல் பிடிக்கப் போடும் சாந்தன் கம் என்ற பொடி இதற்கு வேண்டவே வேண்டாம். போடச் சொல்லும் குறிப்பு கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடலாம்.

இந்த வாய்ப்பாட்டைக் கேட்டதும் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும்: தூத்துக்குடி மக்ரூன். வெள்ளைக்கரு, சர்க்கரை, பாதாமுக்குப் பதில் முந்திரி. வெள்ளைக்கருவை நன்றாக நுரைத்துச் சுருள் கோபுரமாகப் பிழிவதால் அது வாயில் கரையும். பெயர்கூட இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றி வந்ததே. போர்த்துகீசியர் வழியாக ஊருக்கு வந்த பலகாரம் என்று அங்கே சொல்வார்கள். முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்தான் என்பதில் சந்தேகமில்லை. மாவே சேர்க்காமல் செய்த மக்ரூனும் பசையமற்றதே. அதன் மேல் அப்படி எழுதி விலையைக் கூட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, தமிழில் எப்படிச் சொல்வது? பிஸ்கட்டுக்கு 'ஈரட்டி', 'மாச்சில்' என்று இரண்டு தமிழாக்கங்கள் உண்டு. ஈரட்டியில் 'அடு' இருக்கிறது, அடுப்பில் இருக்கும் அதே அடு: இருமுறை அட்டது ஈரட்டி. லத்தீன் பொருளை அச்சாகப் பிடித்த சொல். கந்துச்சிக்கும் ரஸ்க்குக்கும் நன்றாகப் பொருந்தும். ஒரே சூட்டில் முடிந்துவிடும் அமரெத்திக்கு அதைச் சூட்டினால் தப்பு. மாச்சில் என்பது மா, சில் என்ற இரண்டின் சேர்க்கை, மாவுத் துண்டு. மா என்றால் கோதுமை என்று கட்டாயமில்லை. அரிசிமா, உளுத்தமா எல்லாம் மாதான், ஆகவே பாதாம் மாவுக்கும் இடம் உண்டு. மாவை விட்டுவிட்டு 'வாதுமைச் சில்' என்று சுருக்கினால் தேங்காய்ச் சில் மாதிரி உடைந்த பாதாம் துண்டாகத் தொனிக்கும். கசப்பைக் குறிக்கும் 'கைப்பு' என்ற பழஞ்சொல்லை வைத்துப் பெயரையே மொழிபெயர்க்கலாம்தான், ஆனால் 'கைப்பி' என்று எழுதினால் யாருக்கும் வாங்கத் தோன்றாது. அதனால் பெயராக அமரெத்தி, விளக்கமாக வாதுமை மாச்சில். வாதுமை என்றதும் சிவப்பு இலை உதிர்க்கும் நாட்டு வாதுமை மரத்தின் கொட்டையை நினைப்பவர்கள் இருக்கும் ஊரானால், தயங்காமல் பாதாம் மாச்சில் என்று எழுதிவிடலாம்.