சி.ஆர். கொப்பியில் எழுதிய நட்பு

கண்டியில் உளவளத்துணை செய்யும் என்னிடம், "மிஸ், இந்த ரெண்டு பேரையும் எப்படியாவது பிரிச்சு விடுங்க" என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது கேட்டு வருவார்கள். பாதிப் பேர் பெற்றோர், மீதி விடுதிப் பொறுப்பாளர்கள். பிரிக்கச் சொல்வது கெம்பஸில் முதலாம், இரண்டாம் வருடம் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளை. அப்படி என்ன செய்துவிட்டார்கள் என்றால், எந்த நேரமும் ஒட்டிக்கொண்டே திரிகிறார்களாம்.

நான் சொல்லப்போகிற இருவரும் உண்மையில் மூன்று நான்கு பேரின் கலவை. ஊரையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஒருத்தி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அம்மா கொழுந்து எடுக்கிறார், அந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்து கெம்பஸ் வந்த முதல் பிள்ளை. மற்றவள் கொழும்பு வெள்ளவத்தை, ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, சிங்களத்தில் பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடித்தே மிச்சக் காசு வாங்கிவிடுவாள். பகிடிவதைக்கு (ராகிங்) எதிரான சட்டம் 1998இலேயே வந்துவிட்டது, என்றாலும் முதல் வருடப் பிள்ளைகளின் பயம் போகவில்லை. அந்தப் பயத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள் ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதல் நாள் ஒரே குடையில் வந்தார்கள், இருவருக்கும் ஒவ்வொரு தோள் நனைந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளையிடம் என்ன கேட்டாலும் வெள்ளவத்தைப் பிள்ளைதான் பதில் சொன்னாள், அவளுக்குப் பிளேன்டியில் எத்தனை கரண்டி சீனி என்பது உட்பட. நானும் என் குறிப்பில் "தோட்டத்துப் பிள்ளை மற்றவளில் முழுக்கச் சாய்ந்திருக்கிறாள்" என்று எழுதி வைத்தேன். ஏழைப் பிள்ளைதான் சாய்ந்திருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? இத்தனை வருட அனுபவம் இருந்தும் அப்படித்தான் எழுதினேன்.

மூன்றாவது முறை தோட்டத்துப் பிள்ளை தனியாக வந்தாள், கையில் ஒரு சி.ஆர். கொப்பி, கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு. நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் "வாங்கியது", வலப்பக்கம் "கொடுத்தது". வாங்கியதில் பீட்சா 1,900, போனுக்கு ரீலோட் 200, குளிருக்கு ஒரு போர்வை, கொத்து ரொட்டி இப்படிப் பதினோரு பக்கம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவுக்கு வந்தது. அம்மா ஒரு நாள் முழுக்க மலையேறினாலும் அந்த ஒரு பீட்சாவுக்குக் காணாது. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும், சிநேகிதிக்குத் தெரியாது. கொடுத்ததில் முதலில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், தலைக்கு எண்ணெய் வைத்தது, அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு ஒரே வரி திரும்பத் திரும்ப: "இரவு 2 மணி வரை கேட்டது." எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு இரவு.

வெள்ளவத்தை வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிரிகிற கட்டத்தில் இருந்தார்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொரு இரவும் அதே கதையை முதலிலிருந்து சொல்வாள், இவள் "ம்" கொட்டுவாள், இருவரும் அழுவார்கள், காலையில் எட்டு மணி விரிவுரைக்கு ஒருத்தியும் போகமாட்டாள். சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. தான் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் மற்றவள் மூன்று நாள் சாப்பிடமாட்டாள் என்பதற்காக, போகாமலே இருந்தவள் தோட்டத்துப் பிள்ளை. யார் யாரில் சாய்ந்திருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அமண்டா ரோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் இதைப்பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே கவலையை நண்பர்கள் சேர்ந்து திரும்பத் திரும்பக் கிளறுவதைத்தான் அவர் பார்த்தார். நான் இதைக் 'கூடிக் குமைதல்' என்கிறேன். பெண் பிள்ளைகளிடம் இது கூடுதலாம். இப்படிக் குமைகிறவர்களிடம் நட்பின் நெருக்கமும் அதிகம், மனச்சோர்வின் அறிகுறிகளும் அதிகம். இரண்டும் சேர்ந்தே வருவதுதான் சிக்கல், ஏனென்றால் நெருக்கம் இனிக்கிறது, சோர்வை யாரும் அதன் கணக்கில் எழுதுவதில்லை. அதற்காகக் கவலையை ஒருவரோடும் பேசாதே என்றும் சொல்லிவிட முடியாது. பேசி முடித்து, "சரி, நாளைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கிற இடத்துக்கு அந்தப் பேச்சு ஒருநாளாவது வருகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பெற்றோர் குரலைத் தாழ்த்திக் கேட்கிற இன்னொரு கேள்வியும் உண்டு: "அதுகளுக்குள்ள வேற ஏதும்...?" இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒருபால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990இல். நம் நாட்டிலோ ஒருபால் உறவைக் குற்றமாக்குகிற, குற்றவியல் சட்டக் கோவையின் 365அ பிரிவை 1995இல் பெண்களுக்கும் விரித்தார்கள். காதலிக்கிற பிள்ளைகள் என் கதவைத் தட்டப் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளை சொல்லத் தயாராகும்வரை நான் தோண்டுவதில்லை, நீங்களும் தோண்டாதீர்கள்.

அறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றிப் பார்த்தவர்களையும் எனக்குத் தெரியும்: பிள்ளைகள் குளியலறை வராந்தாவில் உட்கார்ந்து பேசினார்கள், அதையும் தடுத்தபோது ஒருத்தி செமஸ்டரையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஒருத்தி "வேணாம்" என்றால் மற்றவள் அதைத் தாங்குகிறாளா, மூன்றாவது ஆளுக்கு அந்த மேசையில் இடம் இருக்கிறதா, இந்த இரண்டையும் கவனித்தால் போதும். ஆனால் "நீ போனா செத்துடுவேன்" என்ற பேச்சு வந்தால், சத்தியம் வாங்கியிருந்தாலும் அதை இருவருக்குள் மட்டும் பூட்டி வைக்கக்கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

இந்த இருவர் விடயத்தில், கொப்பியைக் காட்டுவதா வேண்டாமா என்பதிலேயே இரண்டு வாரம் போனது. கடைசியில் அவளே காட்டினாள். வெள்ளவத்தைப் பிள்ளை பீட்சாப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள், வலப்பக்கத்துக்கு வந்ததும் அவள் விரல் அந்த "2 மணி" வரிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. "இதையும் நீ கடனாவா கழிச்ச?" என்று கேட்டாள். மற்றவள் பதில் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, அது என் வேலையில் கஷ்டமான பகுதி.

இப்போது பத்தரைக்கு விளக்கணைக்கிறார்கள், பெரும்பாலும். வீட்டுக் கதையை வெள்ளவத்தைப் பிள்ளை செவ்வாய்க்கிழமைகளில் என்னிடம் கொண்டுவருகிறாள், தனியாக, தன் குடையில். தோட்டத்துப் பிள்ளை இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் நின்றாள். விடுதிப் பொறுப்பாளர் மட்டும் இன்னும் தொலைபேசியில் கேட்கிறார், அறையை மாற்றவா மிஸ் என்று.