ரீடெல்லிங்: ‘மறுவாசிப்பு’ அன்று, ‘வழிக்கதை’

அண்மையில் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் பேசியவர், ஹெலன் ஃபீல்டிங் 1996இல் எழுதிய ‘பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பு’ நாவலை, ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலுடைய ‘மறுவாசிப்பு’ என்று நான்கைந்து முறை குறிப்பிட்டார். என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் தம் குறிப்பேட்டில் ‘ஆஸ்டின் பற்றிய விமர்சன நூல்’ என்று எழுதிக்கொண்டார். அவர் மீது பிழையில்லை; அந்தச் சொல்லைக் கேட்கும் எவரும் அப்படித்தான் பொருள் கொள்வர்.

ரீடெல்லிங் என்னும் ஆங்கிலச் சொல்லில் ‘ரீ’ என்பது ‘மீண்டும்’ எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டு. ‘டெல்’ என்பது எண்ணுதல், எடுத்துரைத்தல் ஆகிய இரு பொருளும் கொண்டிருந்த பழைய ஆங்கில வினை. பழைய நாவலொன்றின் கதையை வேறொரு காலத்தில், வேறொரு களத்தில் புதிதாகச் சொல்வதே இன்று அதன் பொருள்.

வாசிப்பு என்பது வாசகனின் செயல். ஒரு நூலை மீண்டும் படித்து, அதில் முன்பு காணாததைக் கண்டு, அதனோடு வழக்காடுவதையே மறுவாசிப்பு என்கிறோம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ அகலிகை கதையை எடுத்துக்கொண்டு இராமனையே கேள்விக்கு உள்ளாக்குகிறது. அதை மறுவாசிப்பு என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் 1815 டிசம்பரில் வெளிவந்த ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலை 1995இல் பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த ‘க்ளூலெஸ்’ திரைப்படம் ஆஸ்டினோடு எந்த வழக்கும் ஆடவில்லை. நாவலில் எம்மா தன் தோழி ஹேரியட்டைப் படமாக வரைகிறாள். ஊர்ப் பாதிரியார் எல்டன் அந்த ஓவியத்தைச் சட்டமிடுவதற்காக லண்டனுக்கே எடுத்துச் செல்கிறான். அவன் மயங்கியது ஓவியத்தில் இருப்பவளிடம் என்று எம்மா எண்ண, அவன் மனமோ வரைந்தவளிடம் இருக்கிறது. திரைப்படத்தில் ஓவியத்துக்குப் பதில் ஒரு புகைப்படம், லண்டனுக்குப் பதில் பள்ளி மாணவனின் அலமாரி. எல்டன் என்ற பெயரும் அந்தத் தவறான கணிப்பும் அப்படியே இருக்கின்றன. இங்கே மறுக்கப்பட்டது எது, புதிதாக வாசிக்கப்பட்டது எது?

ஆங்கிலச் சொல்லில் ‘ரீ’ வந்தவுடன் சிந்திக்காமல் ‘மறு’வை ஒட்டிவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றிவிட்ட பழக்கம். மறு என்பதற்கு மற்றொன்று, குற்றம் என்ற பொருள்களும் உண்டு. வினையாக வந்தால் மறுத்தல். சிலர் பரிந்துரைக்கும் ‘மறுகூறல்’ இதைவிடச் சிக்கலானது; ‘கூறியது கூற’லை நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் எண்ணியிருக்க, ஒரு படைப்பு வகைக்கு அந்தச் சாயலுள்ள பெயரையா சூட்டுவது? ‘தழுவல்’ பிழையான சொல் அன்று, ஆனால் போதாது. அதே 1995இல் பிபிசி, ஆஸ்டினின் காலத்தையும் உடையையும் மாற்றாமல் எடுத்த ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ தொடரும் தழுவலே, கைப்பேசிக் காலத்துக்கு மாற்றி எழுதப்படும் நாவலும் தழுவலே என்றால், வேறுபாட்டைச் சொல்ல நமக்கொரு சொல் இல்லாமல் போகிறது.

அந்தச் சொல் நன்னூலிலேயே இருக்கிறது.

“முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்.”

முன்னோர் நூலின் முடிவோடு முழுதும் ஒத்து, பின்வந்தவன் விரும்பும் வேறுபாடுகளைச் சேர்த்துச் சொல்வது வழிநூல் என்பது இதன் பொருள். நன்னூலை எழுதிய பவணந்தியார் கருத்தில் கொண்டது கதைநூலை அன்று என்பதை அறிவேன். ஆயினும் காதல் நகைச்சுவைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. அந்த வகைக்கு உயிரே முடிபுதான்: எம்மா நைட்லியைச் சேர்வதுபோல் ‘க்ளூலெஸ்’ நாயகி ஷெர் ஜோஷைச் சேர்கிறாள், எலிசபெத் டார்சியைச் சேர்வதுபோல் பிரிட்ஜெட் மார்க் டார்சியைச் சேர்கிறாள். ஊர், தொழில், பேச்சு, அவமானப்படும் இடம் ஆகிய மற்றவையெல்லாம் பின்னோன் வேண்டும் விகற்பம். ஆகவே ‘வழிக்கதை’ என்கிறேன். வழி என்பதற்குப் பரம்பரை என்ற பொருளும் உண்டு. வழித்தோன்றல் என்று நாளும் எழுதுகிறோமே.

முழுக்கதையையும் பின்பற்றாமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு திசையில் செல்பவற்றுக்கு, நன்னூலின் சார்புநூலை ஒட்டிச் ‘சார்புக்கதை’ என்று பெயரிடலாம். ஆனால் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலின் இரு சகோதரிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து, கர்னல் பிராண்டனை ஒரு கால் இழந்த மேஜர் பாலாவாக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) திரைப்படம் வழிக்கதையே. நாவலில் போலவே இளையவள் இறுதியில் அவரைத்தான் மணக்கிறாள்.