கொழுந்து முற்றினால் என்ன ஆகும்?

தேயிலையில் ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை கொழுந்து எடுத்தே ஆகவேண்டும். பிந்தினால் இலை முற்றிப்போய்த் தூளின் தரம் கெட்டுவிடும், எடுத்த கொழுந்தும் அன்றைக்கே பெக்டரிக்குப் போய் வாடப்போட்டாக வேண்டும். லயத்துப் பிள்ளைகளுக்குக்கூட, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான். அகிம்சைப் போராட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1952இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் நூறு நாளுக்கு மேல் சத்தியாகிரகம் இருந்தார்கள், உரிமை கிடைக்கவில்லை. உட்கார்ந்தவர்களின் உறுதியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் அங்கே உட்கார்ந்ததால் அரசாங்கத்துக்கு எந்த வேலையும் நின்றுபோகவில்லை, என் கணக்கில் அதுதான் காரணம்.

அப்புறம் 1986 ஜனவரி. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தொண்டமான் தலைமையில் தோட்டத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் குடியுரிமை கேட்டுப் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகவேண்டிய நேரத்தில் சனம் கோயிலில் கூடிச் சாமி கும்பிட்டது, அவ்வளவுதான். கூடை லயத்துச் சுவரில் தொங்க, மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைக் காட்டி ஆளை மிரட்டலாம், துப்பாக்கியால் கொழுந்து எடுக்க முடியாது. அதுவும் சாமி கும்பிடுகிற பாட்டியைச் சுடு என்றால் எந்தச் சிப்பாய்க்கும் கை தயங்கும். அரசாங்கம் இறங்கிவந்து, 94,000 பேருக்குக் குடியுரிமை தர அந்த வருடமே சட்டம் கொண்டுவந்தது.

இது மலையகத்துக்கு மட்டும் நடந்ததல்ல. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகத்தில் நடந்த 323 போராட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதம் எடுக்காதவற்றில் 53 சதவீதம் வென்றன, ஆயுதம் எடுத்தவற்றில் 26 சதவீதம்தான். பெரிய காரணம் ஆள்தொகை. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓட இளவட்டங்களால்தான் முடியும், வேலைக்குப் போகாமல் இருக்கப் பிள்ளைத்தாய்ச்சியாலும் முடியும், வயசானவராலும் முடியும். கூட்டம் பெருகப் பெருக, எதிரே நிற்கிற பொலிஸ்காரருக்கும் அதிகாரிக்கும் அதற்குள் சொந்தக்காரர், தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், மேலிடத்து உத்தரவு கீழே வரும்போதே இளகிவிடும். ஆயுதமில்லாமல் ஜெயிக்க ஒரு வழி கண்ணுக்குத் தெரிந்தால் இளைஞர்களைத் துப்பாக்கி பக்கம் இழுப்பதும் கஷ்டம். மலையகம் போர்க்களமாகாமல் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

சரி, எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிட்டதா? இல்லை. கடைசிவரை விடுபட்டுப்போனவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இல் லயத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது 55 வயது.