முன்னால் குளிர்கால டயர், பின்னால் கோடை டயர்: கார் ஏன் சுழல்கிறது?

முன்வீல்கள் இழுக்கிற கார் வைத்திருப்பவர்கள் பலர் குளிர்காலம் தொடங்கும்போது போடுகிற கணக்கு இது: இன்ஜின் சுற்றுவது முன்வீல்களை, ஸ்டீயரிங் திருப்புவதும் முன்வீல்களை, பிரேக் பிடித்தால் பாரம் விழுவதும் முன்னால்தான், அப்புறம் எதற்கு நான்கு குளிர்கால டயர், முன்னால் இரண்டு போட்டால் போதாதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்வீல்கள் சும்மா உருண்டு வருகின்றன என்று நினைத்துப் போட்ட கணக்கு இது, தவறு அங்கேதான் இருக்கிறது.

ரப்பரிலிருந்து ஆரம்பிப்போம். சாலை கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. ரப்பர் அவற்றுக்குள் அமுங்கி, மறுபடி விரிகிறது, டயரின் பிடிப்பில் பெரும்பங்கு இந்த அமுங்கலில்தான் கிடைக்கிறது. ரப்பர் என்பது ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிற நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். வெப்பம் இருக்கும்வரை அவை நெளிந்துகொண்டே இருக்கும், குளிரக் குளிர நெளிவு அடங்கி ரப்பர் விறைத்துவிடும். கோடை டயரின் கலவை சூடான சாலையில் குழைந்துபோகாமல் இருப்பதற்காகச் செய்தது, அதனால் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே அதன் பிடிப்பு குறைய ஆரம்பிக்கிறது. பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. குளிர்கால டயரின் கலவை வேறு, உறைநிலைக்குக் கீழேயும் அது விறைக்காமல் நெகிழ்வாகவே இருக்கும்.

ஒரு குளிர்கால டயரைக் குனிந்து பக்கத்தில் பாருங்கள். பட்டனின் (சாலையைத் தொடுகிற, பள்ளங்கள் வெட்டிய மேற்பரப்பின்) ஒவ்வொரு கட்டியிலும் கத்தியால் கீறியது போல மெல்லிய, நெளிநெளியான கோடுகள் வரிசையாக ஓடும், சிலவற்றில் நகம்கூட நுழையாது. வீல் உருளும்போது கட்டி வளைந்து, அந்தக் கீறல்கள் லேசாகத் திறக்கும், அவற்றின் விளிம்புகள் பனியைச் சுரண்டும், பனிக்கட்டியின் மேல் படர்ந்திருக்கிற மெல்லிய நீர்ப்படலத்தையும் வழித்து எடுக்கும். பெரிய பள்ளங்களுக்கு வேறு வேலை. அவற்றில் பனி அடைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பனியை ரப்பர் பிடிப்பதைவிடப் பனியே நன்றாகப் பிடிக்கும். கையில் பனியை அள்ளி அழுத்தினால் உருண்டையாகச் சேர்ந்துகொள்கிறதே, அதே சங்கதிதான்.

சரி, இப்போது இரண்டு வகையையும் ஒரே காரில் போட்டுப் பார்ப்போம். பனி படிந்த சாலையில் முன்டயர்களின் உராய்வுக் கெழு (டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்கிற எண்) 0.3 என்றும், விறைத்துப்போன பின்டயர்களுக்கு 0.2 என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (உலர்ந்த தார்ச்சாலையில் இது 0.8-க்குப் பக்கத்தில் இருக்கும்). 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு வருகிறது. கணக்குப் போட்டால் முன்பக்கம் மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர் வரை தாங்கும், பின்பக்கம் 35-க்கு மேல் தாங்காது. நீங்கள் 40-இல் நுழைகிறீர்கள். முன்வீல்கள் சொன்னபடி திரும்புகின்றன, பின்பக்கமோ வளைவுக்கு வெளியே வீசி எறியப்படுகிறது.

அம்பின் வாலில் இறகு எதற்கு என்று யோசித்தால் இது விளங்கிவிடும். அம்பு கொஞ்சம் கோணலானாலும் வாலை இழுத்துப் பிடித்து நேராக்குவது இறகுதான். காரில் அந்த வேலையைப் பின்டயர்கள் செய்கின்றன. இறகைப் பிய்த்துவிட்டுக் கூர்முனையை மட்டும் தீட்டினால் அம்பு எப்படிப் போகும்? நான்கும் கோடை டயராக இருந்தால் இதே வளைவில் முன்பக்கமும் சேர்ந்து வழுக்கும், கார் நேராக வெளியே போகப் பார்க்கும். அதுவும் ஆபத்துதான், ஆனால் அந்தக் காரில் புறப்படும்போதே வீல் சுழன்று, ஸ்டீயரிங் லேசாகி, "மெதுவாகப் போ" என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வருவது முன்டயர்களின் செய்தி மட்டும்தான், அவை எல்லாம் நலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

பயத்தில் பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். பாரம் முன்னால் சாய்கிறது, ஏற்கெனவே பிடிப்பில்லாத பின்டயர்களின் மேல் இருந்த எடையும் குறைகிறது, மிச்சம் இருக்கிற கொஞ்சப் பிடிப்பையும் பிரேக் தின்றுவிடுகிறது, பக்கவாட்டில் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சுவதில்லை. சறுக்கலைத் தடுக்கிற மின்னணு அமைப்பு ஏதாவது ஒரு வீலுக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நிமிர்த்தப் பார்க்கும், ஆனால் இருக்கிற பிடிப்பைப் பங்கு போட்டுத் தரத்தான் அதனால் முடியும், புதிதாக உண்டாக்க முடியாது.

பின்வீல்கள் தள்ளுகிற காரில் பின்னால் மட்டும் குளிர்கால டயர் போட்டால் எளிதில் சுழலாது, ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகும், பிரேக் பிடித்தால் சீக்கிரம் நிற்காது. இடதில் ஒன்று வலதில் ஒன்று என்று மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நல்ல டயர் இருக்கிற பக்கம் கார் இழுக்கும், அதைச் செய்யவே வேண்டாம். நான்கு வீலும் இழுக்கிற காரில் இன்னொரு தொல்லையும் உண்டு: 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பட்டன் உள்ள புது டயருக்கும் 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததற்கும் சுற்றளவில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு சுற்றிலும் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற கியர் அமைப்பு சுமந்து சூடாகும்.

ஆகவே விலை உயர்ந்த இரண்டைவிடச் சாதாரணமான நான்கு குளிர்கால டயர்கள் மேல் என்பேன், கடுங்குளிர் இல்லாத இடமென்றால் எல்லாப் பருவத்துக்குமான நான்கு. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள், பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம் அது. வெறும் 'எம்+எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்துகளுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. நான்கும் குளிர்கால டயராகவே இருந்து இரண்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் புதியவை பின்னால் போகட்டும், கார் எந்த வீலால் ஓடினாலும் சரி. கடைசியாக ஒன்று, டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட காலத்தைச் சொல்கிற நான்கு இலக்க எண் இருக்கும்: 3823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாகவே இருந்தாலும் பல வருடம் ஆன ரப்பர் இறுகிப்போயிருக்கும், அதனால் பின்டயர்களிலும் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.